வானுக்குள்ளை வைச்ச அன்ரெனா

முதல்லையே ஒண்டைச் சொல்லிப்போடுறன். பேய், ஆவி எண்டு ஆரும் கதைக்கத் தொடங்கினால் நான் எழும்பி அங்காலை போற ஆள். கோயில் திருவிழாவுக்குப் போனாலும் சாத்திரி இருக்கிற பக்கம் தலைவைச்சும் படுக்கமாட்டன். என்ரை தொழில் வயரும் கரண்டும். ஒரு சாமான் வேலை செய்யேல்லை எண்டால் அதுக்கு ஒரு காரணம் இருக்கும், பியூஸ் போயிருக்கும், ஏர்த் விட்டிருக்கும், இல்லாட்டி வயரை எலி கடிச்சிருக்கும், தேடினால் கண்டுபிடிக்கலாம். ஆனால் வேலை செய்யவே ஏலாத இடத்திலை ஒரு சாமான் வேலை செய்தால் அதுக்கு என்ன காரணம் எண்டு இண்டைவரைக்கும் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்களும் சிரிக்கத்தான் போறீங்கள், பரவாயில்லை, கேளுங்கோ.

ரெண்டாயிரத்தி நாலோ அஞ்சோ. ஊரிலை சண்டை நிண்டிருந்த காலம். நான் ஜேர்மனியிலை, எசன் எண்ட நகரத்திலை ஒரு கராஜ்ஜிலை காருக்கு ரேடியோ, அலாரம் பூட்டுற வேலை செய்தனான். ஞாயிற்றுக்கிழமையிலை முதலாளி சாவியைத் தந்திட்டுப் போவான், எங்கடை சனத்தின்ரை வேலையளை நான் அண்டைக்குத்தான் செய்து குடுக்கிறது. அந்த நேரம் எங்கடை ஆக்களுக்குச் சற்றலைட் ரேடியோவிலை ஒரு விசர் பிடிச்சிருந்தது. இருபத்திநாலு மணித்தியாலமும் தமிழ் கேக்கலாம், செய்தி, பாட்டு, பிறந்தநாள் வாழ்த்து, எல்லாம். வீட்டிலை யன்னலிலை வைச்சுக் கேட்டவை பிறகு காருக்கும் வேணும் எண்டு வரத் தொடங்கிச்சினம்.

யோகன் அண்ணையும் அப்பிடித்தான் வந்தவர். அவருக்கு ஒரு வெள்ளை வான், பின்பக்கம் யன்னல் இல்லாத, சாமான் ஏத்துற வான். மரக்கறி, மீன் பெட்டியளை ஏத்திக்கொண்டு ஹனோவர், பேர்லின் எண்டு தமிழ்க் கடையளுக்குக் குடுத்துக்கொண்டு திரியிறவர். "தம்பி, ஐஞ்சு மணித்தியாலம் தனிய ஓடுறன், ஜேர்மன் பாட்டுக் கேட்டால் நித்திரை வருது, தமிழ் கேட்டால் கண் முழிச்சிருக்கும்" எண்டார். நல்ல மனுசன், சத்தம் போட்டுச் சிரிக்கிற ஆள்.

இது எப்பிடி வேலை செய்யிறது எண்டு கொஞ்சம் சொல்லவேணும், இல்லாட்டி மிச்சம் உங்களுக்கு விளங்காது. சற்றலைட் எங்களுக்குத் தெற்குப் பக்கம், கொஞ்சம் கிழக்காலை, வானத்திலை சரிவாய் நிக்குது. அன்ரெனாவுக்கும் அதுக்கும் நடுவிலை ஒரு பெரிய மரம் வந்தாலே பாட்டு அறுந்துபோம். பாலத்துக்குக் கீழை போனால் சத்தம் இல்லை. தகரத்துக்குள்ளை வைச்சால் கதையே இல்லை. அதாலை அன்ரெனாவைக் கூரையின்ரை நட்டநடுவிலைதான் வைக்கிறது, உள்ளங்கையளவு ஒரு கறுப்புப் பெட்டி, அடியிலை காந்தம். வயரைப் பின்கதவு ரப்பருக்குள்ளாலை இறக்கி, உள்ளுக்கை சீலிங் வழியா முன்னுக்குக் கொண்டுவந்தன். ரேடியோப் பெட்டியை டாஷ்போட்டிலை பூட்டினன். முற்றத்திலை நிப்பாட்டிப் பாத்தால் ஆறு கோட்டிலை நாலு கோடு காட்டிச்சுது. எசனிலை நாலு எண்டால் அது நல்ல சிக்னல், அதுக்கு மேலை நான் ஒருநாளும் கண்டதில்லை.

"வாங்கோ அண்ணை, ஒரு ஓட்டம் ஓடிப் பாப்பம்" எண்டன். பின்னேரம் மூண்டு மணி இருக்கும், நல்ல வெயில். அவர் ஓட, நான் பக்கத்திலை இருக்க, ஆட்டோபான் எண்ட பெருந்தெருவிலை ஏறினம். அங்கை நகரத்துக்குக் கீழாலை ஒரு சுரங்கம் போகுது, ஒரு நிமிசத்துக்குள்ளை கடந்திடலாம். ரேடியோவிலை ஒரு பொம்பிளை ஆரோ ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்து வாசிச்சுக்கொண்டிருந்தா. சுரங்கம் வர நான், "இப்ப நிக்கும் பாருங்கோ, பயப்பிடாதேங்கோ, வெளியிலை வரத் திரும்பப் பிடிக்கும்" எண்டு சொன்னனான். சொன்ன மாதிரியே நிண்டது. கோடு ஒண்டும் இல்லை.

பிறகு மூச்சுச் சத்தம் கேட்டுது.

இரைச்சல் எண்டு நினைக்காதேங்கோ, இரைச்சல் எனக்குத் தெரியும். இது மூச்சு. ஓடிக் களைச்ச ஆள் வாயாலை மூச்சு விடுற மாதிரி. அதுக்குப் பின்னாலை தகரத்திலை தட்டுற சத்தம், ரெண்டு தரம். அதுக்குப் பிறகு ஒரு பெடியன்ரை குரல், காதுக்குக் கிட்ட, மெதுவா:

"அண்ணை, இருட்டாக் கிடக்கு."

வான் ஒருக்கா ஆடிச்சுது. சுவரோடை உரசப் பாத்தது, நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுத் திருப்பினன். வெளியிலை வந்தம், வெயில், அந்தப் பொம்பிளை அடுத்த பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறா. நான் டக்கெண்டு எனக்குத் தெரிஞ்ச காரணத்தைச் சொன்னன். இந்தப் பெட்டியிலை இருந்து வான் ரேடியோவுக்குச் சத்தம் போறது ஒரு சின்ன அலையிலை, பக்கத்து லொறிக்காரன் ஆரும் வோக்கிடோக்கியிலை கதைச்சால் நுழையும் அண்ணை எண்டன். சொல்லேக்கையே எனக்குத் தெரியும், லொறிக்காரன் ஏன் தமிழிலை, அதுவும் யாழ்ப்பாணத் தமிழிலை கதைக்கப் போறான்.

அவர் நான் சொன்னதைக் கேக்கேல்லை. முகம் சாம்பல். அடுத்த வெளிவாசலாலை இறங்கி ஒரு ஓரமாய் நிப்பாட்டினார். "குகன்" எண்டார்.

குகன் அவற்றை தம்பி. எனக்கு அதுவரைக்கும் தெரியாது, அவர் ஒருத்தருக்கும் சொல்றேல்லைப் போலை. ஆறேழு வருசத்துக்கு முன்னம் ஆக்களைக் களவா எல்லை கடத்துற ஏஜென்சியிலை காசு கட்டி, ரஷ்யா வழியா அவனை இங்கை எடுப்பிக்கப் பாத்திருக்கிறார். உக்ரைனிலை இருந்து கடைசியா ஒருக்கா போன் எடுத்தவனாம். "நாளைக்கு லொறியிலை ஏத்துறாங்கள் அண்ணை, பின்னாலை பெட்டியளுக்கு நடுவிலை விடுவாங்களாம், பயமாக் கிடக்கு" எண்டவனாம். இவர், "கொஞ்ச நேரம்தானே, கண்ணை மூடிக்கொண்டு இரு, நான் வந்து கூட்டிக்கொண்டு வாறன்" எண்டிருக்கிறார். அதோடை சரி. லொறி எந்தப் பக்கம் போனது, எங்கை நிண்டது, ஒண்டும் தெரியாது. ஏஜென்சிக்காரன் போன் நம்பரை மாத்திப்போட்டான். தாய் ஊரிலை இன்னும் அவனுக்குத் திவசம் செய்ய விடுறா இல்லையாம்.

"திருப்பிப் போவம்" எண்டார்.

நான் வேண்டாம் எண்டனான். மனுசன் இருந்த நிலைக்கு அவரோடை வாதாட ஏலாமல் போச்சு, நான் ஓடுறன் எண்டு சொல்லிச் சாவியை வாங்கினன். ஒரு வளையம் சுத்தித் திரும்ப அந்தச் சுரங்கத்துக்குள்ளை. கோடெல்லாம் போச்சு. மூச்சு. தட்டல்.

"எவ்வளவு நேரம் எடுக்கும் அண்ணை?"

நம்பினா நம்புங்கோ, யோகன் அண்ணை ரேடியோவுக்குக் கிட்டக் குனிஞ்சு மறுமொழி சொன்னார். ஒரு குழந்தையோடை கதைக்கிற மாதிரி. "கிட்ட வந்திட்டமடா. பொறு ராசா. இன்னும் கொஞ்சத் தூரம்தான்." நான் அவரைப் பாக்கேல்லை, றோட்டைப் பாத்தன், முன்னாலை போன சிவப்புக் காரின்ரை லைட்டை மட்டும் பாத்துக்கொண்டு ஓடினன்.

மூண்டாந்தரமும் போனம். அந்தமுறை ஒண்டும் இல்லை. சும்மா செத்த ரேடியோ. நாலாந்தரமும் அப்பிடித்தான். அவர் கன்னத்தைத் துடைக்கக்கூட இல்லை, அழுதுகொண்டே இருந்தார்.

கராஜ்ஜுக்குத் திரும்பி வந்து வானை முற்றத்திலை விட்டன். இதைக் கழட்டிக் குடுத்திட்டு வீட்டை போவம் எண்டுதான் எனக்கு. ஏணியைக் கொண்டுவந்து கூரையிலை ஏறி அன்ரெனாவிலை கை வைக்கிறன், அவர் கீழை நிண்டு சொல்றார்:

"தம்பி, அதைக் கூரையிலை வைக்காதேங்கோ. உள்ளுக்கை வையுங்கோ. பின்னாலை."

"அண்ணை, அது தகரப் பெட்டி. உள்ளுக்கை ஒண்டும் பிடிக்காது."

"மேலை வைச்சால் அது வானத்தைத்தானே கேக்கும்" எண்டார். "அவன் உள்ளுக்கை எல்லோ இருக்கிறான்."

அவர் சொன்ன மாதிரியே செய்தன். பின்கதவைத் திறந்து, காலி மரக்கறிப் பெட்டியளை ஒதுக்கி, நடுத்தரையிலை அந்தக் கறுப்புப் பெட்டியைக் காந்தத்தோடை ஒட்டினன், வயரை மூலையாலை எடுத்தன். அவர் முன்னாலை இருக்கிற பெற்றோல் ஷெட்டிலை ரெண்டு கோப்பி வாங்கி வாறன் எண்டு றோட்டைக் கடந்து போனார். அந்த மனுசனுக்கு அந்த நேரத்திலையும் எனக்குக் கோப்பி வாங்கவேணும் எண்டு இருந்திருக்குது பாருங்கோ.

நான் பின்கதவைச் சாத்திப்போட்டு முன்னுக்கு வந்து, எட்டி ரேடியோவைப் போட்டன். சும்மா, செய்த வேலையைச் சோதிச்சுப் பாக்கிற பழக்கம்.

ஆறு கோடும் நிறைஞ்சு நிண்டுது.

நிகழ்ச்சி எண்டு ஒண்டும் இல்லை. பெட்டியிலை நிலையத்தின்ரை பேர் வாற இடம் வெறுமை. மூச்சு மட்டும். ஆனால் இப்ப ஒரு ஆள் இல்லை. கனபேர். ஒராள் இழுத்து இழுத்து, ஒராள் மூக்காலை, ஒரு சின்னப் பிள்ளை இருமுது, ஆரோ உடுப்பு உரச இடம் மாறி இருக்கினம். ஒரு அறை நிறையச் சனம் இருட்டிலை இருந்தால் எப்பிடி இருக்கும், அப்பிடி. நான் சத்தத்தைக் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. என்ன நினைச்சனோ தெரியாது, இறங்கி வானின்ரை பக்கத்தாலை நடந்து பின்னுக்குப் போனன். கல்லுப் போட்ட முற்றம், என்ரை சப்பாத்து நற நற எண்டு சத்தம் போட்டுது. முன்கதவு திறந்து கிடந்ததாலை ரேடியோ எனக்கு நல்லாக் கேக்குது. பின்கதவுக் கைபிடியிலை கையை வைச்சன்.

ரேடியோவுக்குள்ளை ஒரு பொம்பிளைக் குரல், "ஷ்ஷ்" எண்டுது. பிறகு மெல்லமா, "ஒருத்தரும் அசையாதேங்கோ. வெளியிலை ஆரோ நிக்கினம்."

எல்லா மூச்சும் ஒரே தரத்திலை நிண்டுது.

அது நான்தான். வெளியிலை நிண்டது நான்தான், வேறை ஆர். பட்டப்பகல், ஞாயிற்றுக்கிழமை, அங்காலை வீட்டுக்காரன் பூக்கண்டுக்குத் தண்ணி விட்டுக்கொண்டு நிக்கிறான். கைபிடியைக் கீழை அமத்தினால் கதவு திறக்கும், அவ்வளவுதான். நான் திறக்கேல்லை. எவ்வளவு நேரம் அப்பிடி நிண்டனோ தெரியாது. யோகன் அண்ணை ரெண்டு கோப்பியோடையும் வந்து, "என்ன தம்பி?" எண்டு கேட்டுக்கொண்டு, ஒரு கோப்பியை என்ரை கையிலை தந்திட்டு, தானே கதவைத் திறந்தார். காலிப் பெட்டியள். வெண்டிக்காய் மணம். கறுப்பு அன்ரெனா நடுவிலை. முன்னுக்குப் போய்ப் பாக்க ஒரு கோடும் இல்லை.

நான் அவருக்குச் சொல்லேல்லை. தம்பியைத் தேடுற ஒரு ஆளுக்கு, அங்கை இன்னும் கனபேர் இருக்கினம் எண்டு எப்பிடிச் சொல்றது? அதுக்குப் பிறகு ரெண்டு மூண்டு வருசம் அவர் அந்த அன்ரெனாவை அப்பிடியே வைச்சுக்கொண்டு ஓடினவர். ஏதும் கேட்டதோ எண்டு நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. அவற்றை மனிசி மட்டும் ஒருக்கா ஒரு கலியாண வீட்டிலை என்னட்டைச் சொன்னவா, மனுசன் வேலையாலை வந்தால் உடனை உள்ளுக்கு வராதாம், வானின்ரை பின்கதவு ரெண்டையும் அகலத் திறந்துவிட்டிட்டுப் பத்து நிமிசம் பக்கத்திலை நிக்குமாம், பனி கொட்டினாலும் நிக்குமாம், காத்துப் போகட்டும் எண்டு சொல்லுமாம்.

அவர் செய்த மாதிரி நானும் அண்டைக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கலாம். நான் இப்ப அந்த வேலையை விட்டிட்டன். ஆட்டோபானிலை போகேக்கை லொறியள் நிக்கிற இடத்திலை காரை நிப்பாட்டமாட்டன், பிள்ளையள் மூத்திரம் எண்டு கத்தினாலும் அடுத்த இடத்துக்கு ஓடுவன். மற்றதெல்லாத்துக்கும் என்னவோ ஒரு காரணம் இருக்கலாம், அலை, இரைச்சல், அழுத மனுசனோடை சேந்து எனக்கும் மூளை குழம்பினது எண்டு நீங்கள் சொல்லலாம், நானும் ஓம் எண்டுவன். ஆனால் அந்தக் கதவுக்கு முன்னாலை நான் நிண்ட நேரம் முழுக்க ரேடியோ ஓடிக்கொண்டுதான் இருந்தது. எனக்குப் பயந்து மூச்சைப் பிடிச்சவை அதைத் திரும்ப விட்டது எனக்குக் கேக்கேல்லை.