தரை காய்ந்திருந்தது

உப்பக்கா தன் வாடிக்கைக்காரர்களிடம் எல்லாவற்றிலும் விட்டுக்கொடுப்பாள். தொட்டியை ஜன்னலோரம்தான் வைப்பேன் என்றால் சரி என்பாள். பாசி பிடித்த பிறகு அவர்களே கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மீனுக்கு மூக்கு முட்டத் தீனி போடுகிற பல் டாக்டரிடம்கூட முகம் சுளிக்க மாட்டாள். ஒரே ஒரு விஷயத்தில்தான் கறார். தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் தரையில்தான் விழ வேண்டும்.

“தரை பாழாயிடுமேம்மா” என்பார்கள்.

“பாழாகட்டும். தரை நனைஞ்சாத்தான் மனுஷன் ஓடி வருவான். மீன் தத்தளிச்சா எவன் வர்றான்?”

சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள். வழிகிற நீரை டியூப் வழியாகச் சாக்கடைத் துளைக்குள் விடச் சொன்ன ஓர் ஓட்டல் மேலாளரிடமிருந்து, கருவிப் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பியே விட்டாள்.

கடல்நீர்த் தொட்டிகளைப் பராமரிப்பது அவள் தொழில். மருத்துவமனை வரவேற்பறை, அலுவலக நடைக்கூடம், ஆசைப்பட்டு வாங்கிவிட்டு விழிக்கிறவர்களின் வீடு என்று ஸ்கூட்டரில் உப்புநீர் கேன்களைக் கட்டிக்கொண்டு சுற்றுவாள். சட்டைக்கையில், செருப்பில், கைப்பையின் ஜிப்பில் எல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். விரல்கள் வெடித்திருக்கும். ஆனால் களிம்பு தடவ மாட்டாள். கையில் எண்ணெய்ப் பசை இருந்தால் தொட்டி மூன்று நாள் முறைத்துக்கொள்ளும். பல் டாக்டரின் வரவேற்பறைப் பெண் வைத்த பெயர்தான் உப்பக்கா. அசல் பெயர் வங்கிக்கு மட்டும் தெரியும். கல்யாணம் என்று ஒன்று நடந்தது, நிற்கவில்லை. யாராவது தோண்டிக் கேட்டால், “உப்பு கூடிப்போச்சு” என்று முடித்துவிடுவாள்.

தொழிலை ஆரம்பித்தது அவளும் அவள் தம்பியும். “தண்ணிக்குள்ள இருக்கிறது எனக்கு, வெளியில இருக்கிறது உனக்கு” என்று அவன் அன்றே பாகம் பிரித்துவிட்டான். மீனும் பவளமும் அவனுடையவை. மோட்டாரும் குழாயும் இவளுடையவை. அவன் மீனைப் பார்த்தே தண்ணீருக்கு என்ன கேடு என்று சொல்லிவிடுவான். அந்த வாய்க்குத்தான் கேடு வந்தது. போன வருஷம் மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. ஆள் பிழைத்தான். இடது கை விரல்களும் கண்களும் மட்டும் மிஞ்சின. ஒருமுறை கண் மூடித் திறந்தால் ஆமாம், இருமுறை என்றால் இல்லை. வேறு ஏதாவது வேண்டுமென்றால் விரலிலிருந்த மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த புதிதில் நாள் முழுக்கச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தான். அந்தச் சுவரை உப்பக்காவால் சகிக்க முடியவில்லை. இருவரும் சேர்ந்து நடத்திய கடையை மூடும்போது, அவன் இளவட்டமாக இருந்த நாளிலிருந்து வளர்த்த தொட்டியைக் கொண்டுவந்து கட்டிலுக்கு எதிரே வைத்தாள். உள்ளே ஒரு கடற்சாமந்தி. பார்க்கப் பூ மாதிரி, ஆனால் உயிருள்ள பிராணி; தட்டு அகலத்துக்கு விரிந்து விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் புகுந்து புரள இரண்டு கோமாளி மீன்கள். பெரியது பெண், சின்னது ஆண். பெரியது விரட்டும், சின்னது நடுங்கிக்கொண்டு பின்னாலேயே போகும். தம்பி அவற்றுக்கு வீட்டுக்காரி, வீட்டுக்காரர் என்று பெயர் வைத்திருந்தான்.

“யாரை மனசுல வெச்சுக்கிட்டு வெச்ச பேருன்னு எனக்குத் தெரியாதா?” என்பாள் தம்பி மனைவி. “என்னைப் பார்க்கிறதைவிட அவளைத்தான் அதிகம் பார்க்கிறார், அண்ணி.”

“நீயும் ஆரஞ்சு கலர்ல உடுத்திப் பாரேன்.”

தம்பி ஒருமுறை கண்ணை மூடித் திறப்பான். ஆமாமாம். மூன்று பேருமாகச் சிரிக்கக் கிடைத்தது அது ஒன்றுதான்.

தம்பி மனைவி தொட்டிக்கு எதிரி இல்லை. ஆனால் அவனைப் புரட்டுவது, துடைப்பது, தூக்கி உட்காரவைப்பது எல்லாம் அவள் ஒருத்தி. ஒருநாள் தொட்டியோரம் தேங்கிய நீரில் வழுக்கி, கையிலிருந்த மலத்தட்டோடு விழுந்தாள். மணிக்கட்டு வீங்கியது. கட்டுப் போட்ட கையோடு அவனைப் புரட்டினாள், அழுதுகொண்டே.

“அண்ணி, கோவிச்சுக்காதீங்க. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவரைப் பார்க்க நாதி இல்ல. இன்னொரு தடவை தரை நனைஞ்சா தொட்டி வெளிய போயிடணும்.”

உப்பக்கா தலையாட்டினாள். நியாயம் தம்பி மனைவி பக்கம்.

அந்த நேரம் பார்த்துத்தான் பழைய ஸ்கிம்மர் நின்றுபோனது. புரோட்டீன் ஸ்கிம்மர் என்பது தொட்டியின் பக்கவாட்டில் தொங்கும் ஒரு நீளக் குழல். மோட்டார் காற்றையும் நீரையும் சேர்த்து அடித்துப் பொடிப்பொடிக் குமிழ்களாக்கும். மீனின் கழிவும் தீனியின் எச்சமும் அந்தக் குமிழ்களில் ஒட்டிக்கொண்டு மேலே ஏறி, உச்சியிலுள்ள கிண்ணத்தில் பழுப்பு நுரையாகச் சேரும். மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்ட வேண்டிய நுரை. அது இல்லாமல் கடற்சாமந்தி நாளாக நாளாகத் தன் அழுக்கிலேயே சுருங்கும். சுருங்கத் தொடங்கியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதிய ஸ்கிம்மரை மாட்டினாள். தம்பி பார்க்கும்படி ஒவ்வொரு பாகத்தையும் தூக்கிக் காட்டி, வினிகரில் கழுவி, மாட்டி, பிளக்கைச் சொருகினாள். குழலுக்குள் வெள்ளையாகக் குமிழ் பொங்கியது. கிண்ணத்துக்கு ஒரு சொட்டுகூட ஏறவில்லை.

அதில் வியப்பில்லை. புதிய பிளாஸ்டிக்கில் எண்ணெய்ப் பசை இருக்கும். அது கரைந்து போகும்வரை நுரை சேராது. நீர் வெளியேறும் வால்வைத் திறந்தே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். வால்வை இறுக்கினால் குழலுக்குள் நீர் மட்டம் உயரும். பசை போன நொடியில் நுரைக்குப் பதில் தண்ணீரே பொங்கி வழியும். இதையும் அவள் எல்லாரிடமும் சொல்வாள். ஆனால் எல்லாருடைய தொட்டிக்கு எதிரிலும் அவள் தம்பி படுத்திருக்கவில்லை.

வழிந்தால்? தரை நனையும். தரை நனைந்தால் தொட்டி போய்விடும். போனால் மறுபடியும் அந்தச் சுவர்.

ஆகவே உப்பக்கா தன் கையாலேயே கிண்ணத்தின் அடியில் ஒரு டியூப்பைச் சொருகி, சுவரோரமாகக் கொண்டுபோய், கதவிடுக்கு வழியாகக் குளியலறையின் நீர்த்துளைக்குள் விட்டாள். தம்பி மனைவி அதைப் பார்த்து மனம் குளிர்ந்தாள்.

“இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே, அண்ணி!”

“செஞ்சிருக்கலாம்” என்றாள் உப்பக்கா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

இன்னொன்றும் செய்தாள். தொட்டி நீர் ஆவியாகக் குறையும்போது உப்பு உள்ளேயே தங்கிவிடும், வெறும் நீர்தான் போகும். அதனால் நல்ல தண்ணீரைத்தான் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். தொட்டி மூலையில் ஒரு மிதவை உண்டு. மட்டம் இறங்கினால் அதுவும் இறங்கி, பக்கத்திலுள்ள கேனிலிருந்து சின்ன மோட்டார் நல்ல தண்ணீரை ஏற்றும். தினமும் கேனை நிரப்புவது தம்பி மனைவியின் பாரம். பாவம், வீங்கிய கை. கேனை எடுத்துவிட்டு ஒரு நீல டிரம்மை வைத்து, விளிம்புவரை நிரப்பிக் கொடுத்தாள்.

புதன்கிழமையும் நுரை வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. கடற்சாமந்தி உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. தம்பியின் பார்வை அதைவிட்டு நகரவில்லை.

சனிக்கிழமை காலை, பல் டாக்டர் வீட்டுத் தொட்டிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தாள். குழலின் கழுத்துக்குக் கீழேயே குமிழ் நின்றுகொண்டிருந்தது. வால்வில் கை வைத்தாள்.

“கொஞ்சம் இறுக்கிப் பார்க்கட்டுமாடா?”

தம்பி இருமுறை கண்ணை மூடித் திறந்தான்.

“கொஞ்சூண்டுதான்.”

மறுபடியும் இருமுறை.

“தண்ணிக்கு வெளிய இருக்கிறது என் பாகம். நீதானே பிரிச்சுக் குடுத்தே?” என்று அவன் தலையைக் கோதிவிட்டு, இரண்டு திருகு திருகினாள். குமிழ் கழுத்துவரை ஏறி நின்றது. வெற்றிப் பார்வை ஒன்று பார்த்துவிட்டுக் கிளம்பினாள்.

பல் டாக்டர் வீட்டில் வேலை இழுத்துவிட்டது. திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சின்ன மோட்டாரின் சத்தம் காதில் விழுந்தது. தண்ணீர் இல்லாமல் வறட்டுத்தனமாக அரைக்கிற சத்தம். உள்ளே ஓடினாள்.

டிரம் காலி. தொட்டியில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே தண்ணீர், பளிங்கு மாதிரி. விரலை முக்கி நாக்கில் வைத்தாள். குழாயடித் தண்ணீர் போல இருந்தது. காலையிலிருந்து ஸ்கிம்மர் உப்பு நீரைக் குளியலறைத் துளைக்குள் தள்ளியிருக்கிறது. குறைந்த மட்டத்தைப் பார்த்து மிதவை நல்ல தண்ணீரை ஏற்றியிருக்கிறது. தள்ளத் தள்ள ஏற்றி, ஏற்ற ஏற்றத் தள்ளி, கடல் முழுவதும் சத்தமில்லாமல் சாக்கடைக்குப் போயிருக்கிறது.

கடற்சாமந்தி பாறையிலிருந்து கழன்று, ஓரத்தில் ஈரப் பஞ்சு மாதிரி கிடந்தது. கையில் எடுத்தாள். விரலிடுக்கில் வழிந்தது. அறையெங்கும் நாற்றம் எழுந்தது.

“பார்க்காதேடா” என்றாள். அவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

இரண்டு மீன்களும் மேல்மூலையில் ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கின. கோமாளி மீன் கொஞ்சம் தாங்கும். பக்கெட்டில் பிடித்துப் போட்டு, ஸ்கூட்டர் கேனிலிருந்த உப்புநீரை மெல்ல மெல்லச் சேர்த்தாள். ஒதுங்க இடம் தேடி இரண்டும் அவள் கையைச் சுற்றிவந்தன. வெடித்த விரல்களுக்கிடையே உடம்பைத் தேய்த்தன. சாமந்தி என்று நினைத்துக்கொண்டன போல.

நாற்றத்தை மோந்துகொண்டு சமையலறையிலிருந்து தம்பி மனைவி வந்தாள். “என்ன அண்ணி, என்ன ஆச்சு?”

“டியூப்பு, டிரம்மு, வால்வுன்னு மூணு ஆளு பண்ற தப்பை நான் ஒருத்தியே பண்ணி முடிச்சுட்டேன்” என்றாள் உப்பக்கா. பக்கெட்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்: “இவன் தட்டலையா?”

தம்பி மனைவி கட்டிலைப் பார்த்தாள். போர்வை கழுத்துவரை இழுத்து, இருபுறமும் மெத்தைக்கு அடியில் செருகியிருந்தது. இடது கை உள்ளே இருந்தது.

“தட்டினார். நீங்க போன கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சது. வலிக்குதான்னு கேட்டேன், இல்லங்கிறார். புரட்டணுமா, இல்ல. பசியா, இல்ல. கண்ணு தொட்டிப் பக்கமே போச்சு. தண்ணி வழியுதோன்னு நினைச்சு நானும் வந்து குனிஞ்சு தரையைத் தடவிப் பார்த்தேன், அண்ணி. தரை காஞ்சிருந்துச்சு. ‘ஒண்ணுமில்ல, காஞ்சுதான் இருக்கு, தூங்குங்க’ன்னேன். விடாமத் தட்டினார். விரல்ல தோல் உரிஞ்சுடுச்சு. அதான்… கையைப் போர்வைக்குள்ள வெச்சு இறுக்கிட்டேன்.”

தொட்டிக்கு அந்தப் பக்கம் ஸ்கிம்மர் களகளவென்று ஓடிக்கொண்டிருந்தது. உப்பக்கா நிமிர்ந்து பார்த்தாள். கிண்ணத்தில் நுரை. வாரம் முழுக்க எதிர்பார்த்த நுரை. கெட்டியாக, பழுப்பாக, கழுத்தை அடைத்துக்கொண்டு. அழுகிய சாமந்தியைத் தின்று இயந்திரம் ஒருவழியாக வேலைக்குப் பழகிவிட்டது.

“தப்பு உன்மேல இல்ல” என்றாள். “அந்த டியூப்பைப் போட்டது நான். ஊருக்கெல்லாம் வேண்டாம்னு சொல்றவ நான்.”

தம்பி மனைவிக்குப் புரிய நேரம் பிடித்தது. சுவரோரம் போகிற டியூப்பைக் கண்ணால் தொடர்ந்து குளியலறைக் கதவுவரை போனாள்.

“அப்போ தரை நனைஞ்சிருந்தா…”

“ஓடி வந்திருப்பே.”

தம்பி மனைவி கட்டிலருகே வந்தாள். போர்வையை உருவி, அவன் கையை வெளியே எடுத்து, கம்பியின் மேல் வைத்தாள். மோதிரம் கம்பியில் ஒருமுறை பட்டு ஓசையெழுப்பியது. அவன் தட்டியதல்ல; கை விழுந்தது.

உப்பக்கா கட்டிலருகே மண்டியிட்டாள். கையெல்லாம் அழுகல் வாடை. அவனைத் தொடாமல் கேட்டாள்.

“மீன் ரெண்டும் இருக்குடா. உப்பைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திடலாம். வேற சாமந்தி கொண்டுவர்றேன். மறுபடி வைக்கட்டுமா?”

தம்பி கண்ணை மூடினான்.

திறப்பான் என்று காத்திருந்தாள். திறந்தால்தானே ஒன்று, இரண்டு என்று எண்ண முடியும். திறக்கவில்லை. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. தூங்கவில்லை என்பது இரண்டு பெண்களுக்கும் தெரியும்.

கடைசியில் உப்பக்கா எழுந்துபோய் ஸ்கிம்மரின் பிளக்கில் கை வைத்தாள்.

“நிறுத்தாதீங்க அண்ணி” என்றாள் தம்பி மனைவி. “அந்தச் சத்தமாவது இருக்கட்டும்.”

உப்பக்கா பிளக்கை விட்டாள். குளியலறைக்குப் போய், துளைக்குள்ளிருந்து டியூப்பை உருவி, அறைக்குக் கொண்டுவந்து கட்டிலோரம் தரையில் போட்டாள். அதன் வாயிலிருந்து பழுப்பு நீர் சொட்டி, சின்னதாக ஒரு வட்டம் கட்டி, மெல்ல நகர்ந்தது.

துணியை எடுத்துவர யாரும் போகவில்லை. அந்த ஈரம் கட்டில் காலைத் தொடும்வரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.