நான் பளபளப்பாக்கிய எஃகுத் துண்டு

சொன்ன வேலையைச் செய்யாதவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. சொல்லாத வேலையைச் செய்து மாட்டிக்கொள்கிறவன் நான். தொண்ணூறுகளின் கடைசி, ஓசூர் தொழிற்பேட்டையில் ஓர் எஃகு உதிரிபாகத் தொழிற்சாலை. அதில் நான் பாலிஷ் பிரிவு.

உலைப் பிரிவில் ஒரு பாய், வேப்பனப்பள்ளிக்காரர். அவர் பதப்படுத்திய மூன்று எஃகுத் துண்டுகளைப் பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டும். பொட்டலம் கட்டுவது நான். ‘மேற்பரப்பைத் தொடாதே’ என்று சீட்டு இருந்தது. கையால்தான் தொடக்கூடாது என்று புரிந்துகொண்டேன்! ஒரு துண்டு சவரம் செய்யாத முகம் மாதிரி மங்கலாக இருந்தது. சாப்பாட்டு நேரம், யாருமில்லை. மெருகுச் சக்கரத்தில் வைத்து அழுத்தித் தேய்த்தேன். என் மீசையே அதில் தெரிந்தது.

அறிக்கை வந்தது. இரண்டு துண்டுகள் நல்லவை; மூன்றாவதில் மேற்பரப்புக்கு அடியில், அணுக்கள் இருக்க வேண்டிய பல இடங்கள் காலி. உலைக் கோளாறு என்று பாய்க்கு மெமோ கொடுத்தார்கள். வேலை போய்விடும் என்று பேச்சு. நான் வாயே திறக்கவில்லை. மறுசோதனைக்குப் பாயையும், பொட்டலம் கட்டியவன் என்பதால் என்னையும் பெங்களூருக்குப் பஸ்ஸில் அனுப்பினார் மேலாளர்.

ஜன்னலில்லாத அறை. நீளமான எஃகுக் குழாய். உள்ளே காற்றுகூட இல்லையாம். ஆய்வாளர் அம்மா கன்னட வாடையடிக்கும் தமிழில் விளக்கினார்: “பாசிட்ரான்னு ஒண்ணு, எலக்ட்ரானுக்கு நேர் எதிர், உள்ள போகும். அணு இல்லாத காலி எடமாப் பாத்து உட்காரும். அப்புறம் ஒரு எலக்ட்ரானோட சேந்து ரெண்டுமே இல்லாமப் போயிடும். அப்போ வர்ற கதிரை நாங்க எண்ணுவோம்.”

சத்தமில்லாமல் திரையில் புள்ளிகள் ஏறின. ஒவ்வொன்றும் ஒரு சாவு.

“இது சூட்டுல வந்தது இல்ல,” என்றார். “ஆழத்துல சரியா இருக்கு. மேலதான் நசுங்கி, அணு எடம்விட்டு நகந்திருக்கு. யாரு அழுத்தித் தேச்சது?”

யாருமில்லாத நேரத்தில் நான் செய்ததை, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே போய்ப் பார்த்து, சொல்லிவிட்டுச் செத்தும் போயிருந்தது. பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“நான்தாங்க.” யாரோ பேசுவதுபோல் என் குரல் கேட்டது.

பாயின் மெமோ ரத்தானது. எனக்கு ஒன்று புதிதாக அடித்தார்கள். இன்றும் பளபளக்கும் எதைக் கண்டாலும், அடியில் என்ன காலியோ என்று என் கை ஒரு நொடி தயங்கும்.

அன்று திரும்பும் பஸ்ஸில் மெல்லக் கேட்டேன்: “நான்தான்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது, பாய்?”

“காலையிலேயே. உன் மூஞ்சியில.”