மாதவராஜ் கட்டிய மணி

மெஹக் பெரிய மறதிக்காரி. வீட்டுச் சாவி, குடை, மூக்குக்கண்ணாடி, மூன்று செல்போன் என்று அவள் இதுவரை தொலைத்ததையெல்லாம் பரப்பினால் கடத்தூர் சந்தையில் தனிக் கடையே போடலாம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அடுத்த தெருவில் கதை கேட்டுக்கொண்டிருப்பாள். கருகிய பாத்திரம் தேய்த்தே அவள் அம்மா ஜான் பீக்குக் கை ஓய்ந்துவிட்டது. அப்படிப்பட்டவள் மாதவராஜை மட்டும் ஒன்பது வருஷமாக மறக்கவில்லை.

மாதவராஜ் கடத்தூர்ப் பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் மேனேஜர். ஆனி, ஆடி இரண்டு மாதமும் லாரி லாரியாகப் பழம் வந்து இறங்கும். அறுபது பெண்கள் வெட்டுவார்கள். கூழைக் காய்ச்சுகிற மிஷினில் சூடு தொண்ணூறு டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் கூழ் கெட்டு, குடிக்கிற பிள்ளைகளுக்கு வயிறு கெடும். அதற்காகக் கால் மணிக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து சார்ட்டில் எழுத ஓர் ஆள் வேண்டும். படிப்பு முடித்த கையோடு இருபத்திரண்டு வயதில் மெஹக் சேர்ந்த வேலை அதுதான்.

அவளைக் கெடுக்கவென்றே யாரோ உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்த வேலை போல இருந்தது அது. மெக்கானிக்குக் கேட்காத பெல்ட் சத்தம் அவளுக்குக் கேட்கும். எட்டாவது கூடையில் இருக்கிற ஒரே ஓர் அழுகல் பழம் அவள் கண்ணில் படும். ஆனால் பத்தேகாலுக்கு எழுதிவிட்டு நிமிர்ந்தால் மணி பத்தே முக்கால் ஆகியிருக்கும். நடுவில் பத்தரை எங்கே போனது என்று அவளுக்கே தெரியாது. விட்டுப்போன கட்டத்தை அப்படியே விட்டுவிடுவாள், பார்க்காத சூட்டை எப்படி எழுதுவது என்று.

ஆலையில் மற்றவர்களுக்கு அந்தக் கஷ்டமே இல்லை. அடுத்த ஷிப்டில் சார்ட் எழுதிய காசியம்மாள், டீ குடிக்கப் போகுமுன் அடுத்த ஒரு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதிவிடுவாள். மிஷின் ஒரே மாதிரிதானே ஓடுகிறது? எல்லாரும் செய்தார்கள், தப்பு என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. அவர்கள் சார்ட் கோலம் போட்டது போல நிறைந்திருக்கும், மெஹக்கின் சார்ட் பொக்கை வாயாக இளிக்கும்.

"சார், போன்ல அலாரம் வெச்சுக்கறேங்க. அப்ப வுட மாட்டேன்" என்று அவள் கேட்டுப் பார்த்தாள்.

"ஹாலுக்குள்ள போன் கூடாதுன்னு போர்டு இருக்குதில்ல? படிச்ச புள்ளதான நீ?" என்றார் மாதவராஜ்.

மறுநாள் அவரே ஒரு மணி கொண்டுவந்தார். மாட்டு மணி. அவருக்குப் பென்னாகரம் பக்கம். காட்டுக்கு மேய விடுகிற மாடு தொலைந்துபோகாமல் இருக்கக் கழுத்தில் கட்டுகிற பித்தளை மணி அது. அறுபது பெண்களும் பார்க்க, மெஹக்கின் ஏப்ரன் கயிற்றில் அதைத் தன் கையாலேயே கட்டினார். "எங்கூர்ல மந்தைய வுட்டுத் தொலையற மாட்டுக்கு இதாம்மா வைத்தியம்" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. சிரித்தவர்களில் காசியம்மாளும் ஒருத்தி.

பதினோரு நாள் அந்த மணியோடு அவள் நடந்தாள். கழிவறைக்குப் போனாலும் ஒலித்தது. பன்னிரண்டாம் நாள் 'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தையில் காரணம் எழுதி வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மணியை அவிழ்த்து வைத்துவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. அவளும் வைக்கவில்லை. அவள் வாழ்க்கையில் தொலையாத ஒரே பொருள் அந்த மணிதான்.

பிறகு எங்கெங்கோ வேலை பார்த்து, பெங்களூரு போய்ச் சேர்ந்து, இருபத்தொன்பதாவது வயதில் ஒரு டாக்டர் வாயால் தன் தொல்லையின் பெயரைக் கேட்டாள்: ஏடிஹெச்டி, கவனம் ஓரிடத்தில் நிற்காமல் தாவுகிற கோளாறு. அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதாள். வியாதி வந்ததற்கு அழவில்லை. இதற்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது, தன்னைப் போய் மாடு என்று சொல்லிவிட்டானே என்ற ஆத்திரத்தில் அழுதாள்.

இப்போது அவள் ஒரு ஜூஸ் கம்பெனிக்கு ஆடிட்டர். கூழ் வாங்குகிற ஆலைகளைச் சுற்றிப் பார்த்துச் சுத்தம், சூடு எல்லாம் சரியா என்று எழுத வேண்டும். தினம் ஒரு ஊர், தினம் ஒரு கோளாறு. கண் அலைய அலையத்தான் இந்த வேலையில் சம்பளம். கையில் கட்டிய வாட்ச் கால் மணிக்கு ஒருமுறை அதிரும். "உனக்கிருக்கறது குறையே இல்ல மெஹக், வரம்" என்று அவளுடைய மேலதிகாரி ஒரு மீட்டிங்கில் புகழ்ந்தார். வரமாம்! வந்து என் வீட்டுப் பால் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு அப்புறம் சொல்லட்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இந்த ஆனி மாதப் பட்டியலில் அந்த ஆலையின் பெயர் வந்தது. முன்பு அங்கே வேலை பார்த்தவள் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்க வேண்டும். அவள் சொல்லவில்லை. நாளைக்குக் கேட்டால் மறந்துவிட்டேன் என்பாள்; அவள் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்கள்? மணியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். அந்த ஆள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கட்டம் தவறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மாதவராஜுக்குத் தலை நரைத்திருந்தது. "வாங்க மேடம், வாங்க" என்று குழைந்தார். அவளை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. அடித்தவன் மறந்துவிடுவான், பட்டவன் மறக்கமாட்டான் என்பது சரிதான். அது அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

ஏசி அறையில் முந்திரி, டீ, திரையில் படம் போட்டு விளக்கம். நான்காவது படத்திலேயே மெஹக்கின் கால் ஆடத் தொடங்கிவிட்டது. ஏழாவது படத்தில் எழுந்து, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஹாலுக்குள் போய்விட்டாள். வேறு எந்த ஆடிட்டராக இருந்தாலும் முந்திரியை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

காய்ச்சுகிற மிஷின் அருகே காசியம்மாள் நின்றிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. சார்ட்டைப் பார்த்தாள் மெஹக். பதினொன்றேகால் 92. பதினொன்றரை 92. பதினொன்றே முக்கால் 92. பன்னிரண்டு 93. மத்தியானம் ஒரு மணி வரைக்கும் எழுதியாகிவிட்டிருந்தது. ஆடிட்டர் வருகிறார், ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்று கட்டளை போலிருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கத்தில் மேனேஜர் கையெழுத்து வேறு.

காசியம்மாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "கண்ணு... மெஹக்குதான நீயி?" என்றாள் மெதுவாக. "ஆமாக்கா" என்று மெஹக் சொல்லி முடிப்பதற்குள் மாதவராஜ் மூச்சிரைக்க வந்துவிட்டார். சார்ட்டையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தம்மா பண்ண வேல மேடம்! படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இப்பவே வூட்டுக்கு அனுப்பிடறேன்" என்று காசியம்மாளைக் காட்டினார்.

அன்றைக்குச் சிரித்தவள்தானே, போகட்டும் என்று ஒரு கணம் மெஹக்குக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் அவள் பகை வேறு ஆளிடம். பகையைச் சில்லறையாக மாற்ற அவள் விரும்பவில்லை.

"எழுதுனது அக்கா. சரி. பாத்துட்டேன்னு கையெழுத்துப் போட்டது யாருங்க? பன்னெண்டு மணி சூட்ட பதினோரு மணிக்கே எப்டிங்க பாத்தீங்க?"

மாதவராஜ் சார்ட்டைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார்.

"இந்தச் சார்ட் செல்லாதுங்க. காலையில இருந்து காய்ச்சின கூழத் தனியா வைங்க, எங்க லேப்ல பாத்துட்டுச் சொல்றோம். இப்பலேருந்து ஒரு மணி வரைக்கும் புதுச் சார்ட்டு. பொறுப்பாளர் நீங்கதான? நீங்களே எழுதுங்க" என்றாள் மெஹக்.

"சரிங்க மேடம். போன்ல அலாரம் மட்டும் வெச்சுக்கறேன்."

இதற்காகத்தான் அவள் ஒன்பது வருஷம் காத்திருந்தாள். "ஹாலுக்குள்ள போன் கூடாதுன்னு போர்டு இருக்குதில்லீங்க?" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து துணியைப் பிரித்து மேசைமேல் மணியை வைத்தாள். "வேணும்னா இத வெச்சுக்கங்க."

மாதவராஜ் மணியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போனது. "அந்தப் பொண்ணா நீங்க? அது சும்மா வெளையாட்டுக்குப் பண்ணது... அதப் போயி இத்தன வருசம் மனசுல வெச்சுக்கிட்டு..."

"வெச்சுக்கிட்டுதாங்க இருக்கேன்" என்றாள் மெஹக். "பதினொன்னேகால் ஆயிடுச்சு. எழுதுங்க."

எழுதினார். பதினொன்றரைக்கும் எழுதினார். முக்காலுக்கு இரண்டு நிமிஷம் முன்பே பேனாவோடு தயாராக நின்றார். மெஹக்குக்கு வயிறு எரிந்தது. ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்கு நரகம். விரலை ஒவ்வொன்றாகச் சொடுக்கிக்கொண்டு, கடவுளே, இந்த ஆளைத் தவற வை என்று வேண்டிக்கொண்டாள். இப்படி வேண்டுகிறோமே என்று அவளுக்கு வெட்கமும் வரவில்லை.

பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் லாரிக்காரன் பழத்தை வெயிலில் கொட்டிவிட்டான் என்று யாரோ வந்து சொன்னார்கள். மாதவராஜ் வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினார். மெஹக்கின் மணிக்கட்டில் வாட்ச் அதிர்ந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் திரும்பி வந்தபோது பன்னிரண்டு எட்டு. பதறிப்போய்ப் பேனாவை எடுத்து 9 என்று தொடங்கினார்.

மெஹக் சார்ட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். "பாக்காதத எழுதக் கூடாதுங்க. வுட்டது வுட்டதாவே இருக்கட்டும்."

"மனுசன்தானேங்க மேடம். ஒரு தடவ வுட்டுப்போச்சு."

"எனக்கும் அப்டித்தாங்க போச்சு."

அந்தப் பதற்றத்திலேயே பன்னிரண்டே முக்காலையும் அவர் விட்டார். இந்த முறை காசியம்மாள் மேசையிலிருந்த மணியை எடுத்து இரண்டு ஆட்டு ஆட்டினாள். பழம் வெட்டிய கைகள் நின்றன. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரிக்க, ஹால் முழுக்கச் சிரிப்பு பரவியது. மெஹக் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தேன் போல இனித்தது.

ஆலையையே பட்டியலிலிருந்து தூக்க அவளால் முடியும். அறுபது பெண்களின் பிழைப்பு அது. அதனால் அறிக்கையில் வேறு மாதிரி எழுதினாள்: இனி இந்த ஆலையின் எந்தச் சார்ட்டிலும் திரு. மாதவராஜின் கையெழுத்து செல்லாது. முன்கூட்டி எழுதிய சார்ட்டில் கையெழுத்திட்டதை விவரமாகச் சொல்லிவிட்டு, காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று எழுதினாள். அதில் அவரையே கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டார்.

ராணி மாதிரி நடந்துபோய்க் காரில் ஏறினாள். கார் கேட்டைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் போன பிறகுதான் சாலை மங்கலாகத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைக் காணோம். தண்ணீர் பாட்டிலும் இல்லை. மணியும் இல்லை. வேண்டுமென்றே விட்டுவந்தாள் என்று அந்த ஆலையில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். சத்தியமாக மறந்துதான் போனாள்.

தன்னைத்தானே திட்டிக்கொண்டே காரைத் திருப்பச் சொன்னாள். கேட்டிலிருந்த காவலாளி உள்ளே போன் போட்டார். "சாரே எடுத்தாராருங்களாம்" என்றார்.

சாப்பாட்டு நேரம். அறுபது பெண்களும் முற்றத்து நிழலில் தூக்குப் போசியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கடந்து மாதவராஜ் வந்தார். ஒரு கையில் கண்ணாடி, பாட்டில், மறந்துபோன ஃபைல். இன்னொரு கையில் மணி. மணியின் நாக்கைப் பிடித்து அடக்க அவருக்கு மூன்றாவது கை இல்லை. ஒவ்வோர் அடிக்கும் அது கணீர் கணீரென்று ஒலித்தது. ஒவ்வொரு தலையும் திரும்பியது.

காரை உள்ளே எடுக்கட்டுமா என்று டிரைவர் கேட்டார். வேண்டாம், அவரே நடந்து வரட்டும் என்றாள் மெஹக்.