சப்பாத்துக்குள் வந்த சாப்பாடு

1994ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், என் கணவர் வேலை செய்த உணவகத்தின் சமையலறையில் உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கும்போது அப்படியே மடங்கி விழுந்தார். பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் முதுகில் சத்திரசிகிச்சை செய்தார்கள். எப்போது எழும்பி நடப்பார், நடப்பாரா என்று டொக்டர்மார் சொன்னது ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. அவர்கள் ஜெர்மனில் சொன்னார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, சாட்சி சொல்ல எழும்புகிறவர்கள் தெளிவாகச் சொல்வார்கள். துன்பம் வந்தது, மன்றாடினேன், கிடைத்தது என்று. எனக்கு அப்படிச் சொல்ல வராது. எனக்கு நடந்ததில் எது மன்றாட்டுக்குக் கிடைத்த பதில், எது என் விசர்த்தனம் என்று நாலு வருடம் கழித்தும் குழப்பமாகவே இருக்கிறது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நாங்கள் இலங்கையில் மன்னார்ப் பக்கத்து ஆட்கள். அகதிகளுக்கான விடுதியிலிருந்து வெளிக்கிட்டு, ஜெர்மனியின் வெஸ்ட்பாலியாவில் ஒரு சின்ன ஊருக்கு அந்த வருடம்தான் குடிவந்தோம். மூன்றாம் மாடியில் வீடு. ஊரில் வேறு தமிழர் கிடையாது. மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று. இருவருக்கும் பாலர் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. என் கணவருக்கு வேலை கிடைத்த உடனேயே, இனி அரசாங்க உதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். அதில் எங்களுக்குப் பெரிய பெருமை. வேலையில் சேர்ந்த சூடு ஆறுவதற்குள் இவர் விழுந்தார், உணவகக்காரர் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். திரும்பவும் உதவி கேட்பதென்றால் அன்ட்ராக் என்கிற விண்ணப்பம் போட வேண்டும், டெர்மின் என்று சந்திக்க நேரம் எடுக்க வேண்டும். அதெல்லாம் இவர் பார்க்கிற அலுவல். எனக்குக் கடைக்கும் கோயிலுக்கும், பிறகு ஆஸ்பத்திரிக்கும் மட்டும்தான் வழி தெரியும்.

வீட்டில் இருந்த சாமான் ஒவ்வொன்றாக முடிந்தது. முதலில் ரின்னில் அடைத்த மீன், பிறகு பருப்பு, பிறகு கோதுமை மா. கடைசியில் அரிசி மட்டும் மிஞ்சியது. கஞ்சி காய்ச்சி உப்புப் போட்டுக் கொடுத்தேன். மகன் கோப்பையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். ஆஸ்பத்திரிக்குப் போனால் இவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"வீட்டில சாமான் கிடக்கோ?"

"ஓம், கிடக்கு. நீங்கள் யோசிக்காமப் படுங்கோ."

இதைச் சொல்லிவிட்டு வெளியே வந்து நடைபாதையில் நின்று அழுவேன். கோயிலில் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனேன், கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன், ஒருவரோடும் பேசாமல் வந்தேன். கையேந்த வெட்கம். ஏந்தினாலும் என்ன பாஷையில் ஏந்துவது?

எங்கள் வீட்டுச் சுவரில் மடு மாதா படம் இருந்தது. அதற்கு முன்னால் பிள்ளைகளோடு முழங்காலில் இருந்து செபமாலை சொல்வேன். இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, பிள்ளைகளுக்குச் சாப்பாடு. மற்றது, எதிர்வீட்டு மனுசியின் வாயை மூட வேண்டும் என்பது.

அந்த மனுசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் பிறாவ் வெஸ்லர், நம்முடைய பாஷையில் திருமதி வெஸ்லர். எங்கள் வாசலும் அவளுடைய வாசலும் நேருக்கு நேர். வீட்டுக்குள் சப்பாத்தோடு போகிற பழக்கம் நமக்கு உண்டா? எல்லாருடைய சப்பாத்தும் வெளியே கதவடியில்தான் கிடக்கும். அது அவளுக்குப் பிடிக்காது. படிக்கட்டில் சாமான் வைக்கக்கூடாது என்பது அந்தக் கட்டிடத்துச் சட்டமாம். என்னைக் கண்டால் சப்பாத்துகளைக் காட்டி ஏதோ சொல்வாள். இவர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு தொல்லை இன்னும் கூடியது. இவருடைய கறுப்புச் சப்பாத்தை நான் வேண்டுமென்றே வெளியே விட்டிருந்தேன். வீட்டில் ஆம்பிளை இருக்கிறது என்று வாறவன் போறவன் நினைக்கட்டும் என்றுதான். அவளோ கதவு திறக்கிற சத்தம் கேட்டாலே வந்து, அந்தப் பெரிய சப்பாத்தைச் சுட்டிக்காட்டி, கையை விரித்து விரித்துக் கத்துவாள். நான் "என்ட்ஷுல்டிகுங், என்ட்ஷுல்டிகுங்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவேன். உள்ளே வந்து, தாயே, இவளுடைய வாயை மூடித் தாரும் என்று சொல்வேன்.

மார்கழி, அதாவது டிசம்பர், ஆறாம் திகதி காலை. பனி கொட்டிக் கிடந்தது. முதல்நாள் இரவோடு அரிசியும் முடிந்துவிட்டது. எங்கேயாவது போய் யாரையாவது கேட்பது என்று கதவைத் திறந்தேன்.

சப்பாத்து எல்லாவற்றுக்குள்ளும் சாப்பாடு.

மகளின் சப்பாத்துக்குள் தோடம்பழம். மகனுடையதற்குள் கச்சான் கடலை, கொட்டைகள், பிஸ்கற். என்னுடையதற்குள் அப்பிள். இவருடைய கறுப்புச் சப்பாத்து ஒன்றுக்குள் கோப்பிப் பக்கற், மற்றதற்குள் பேக்கரிக் கடதாசியில் சுற்றிய பாண்.  சாப்பாட்டைக் கால் போடுகிற இடத்தில் போடுவதா! இதைவிட ஒரு மனுசரை எப்படிக் கேவலப்படுத்துவது? இது எதிர்வீட்டுக்காரியின் வேலைதான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சப்பாத்தை எடுக்கச் சொல்லிக் கேட்காதபடியால் இப்படிச் செய்திருக்கிறாள். ஒரு நிமிஷம், செய்வினையாக இருக்குமோ என்றும் பயந்தேன்.

பிறகுதான் அதைக் கண்டேன். மகளின் மற்றச் சப்பாத்துக்குள், மினுங்கும் கடதாசி சுற்றிய ஒரு உருவம். தாடி, ஆயரின் தொப்பி, கையில் செங்கோல். நம்முடைய கத்தோலிக்க ஆயர் ஒருவரைத் தலைகீழாகச் செருப்புக்குள் செருகி வைத்திருந்தார்கள். என்னைப் பேசினால் பொறுப்பேன். திருச்சபையைத் தொட்டால்?

"அம்மா, சொக்லேற்!" என்று மகள் கையை நீட்டினாள்.

"தொட்டியெண்டால் கை முறிப்பன்!"

வயிற்றில் ஒன்றும் இல்லாத பிள்ளை கையை இழுத்துக்கொண்டது. அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

பாதரிடம் முறையிடுவது என்று முடிவெடுத்தேன். சப்பாத்துகளை அப்படியே, உள்ளே இருந்தவற்றோடு, ஒரு பெரிய பைக்குள் அடுக்கினேன். சப்பாத்து எல்லாம் சாட்சிப் பொருளாகிவிட்டபடியால் காலில் போட ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் போடுகிற றப்பர் செருப்பைக் காலுறைக்கு மேல் மாட்டி, பிள்ளைகளுக்கும் மாட்டி, அந்தப் பனிக்குள் பை நிறையச் சப்பாத்தோடு மூன்று பேரும் நடந்தோம். ரோட்டில் போன சனம் நின்று பார்த்தது.

கோயில் அலுவலகம் பூட்டியிருந்தது. பக்கத்து மண்டபத்தில் வெளிச்சம் தெரிந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். நீள மேசைகளில் பாண், பால், மா, மரக்கறி. ஏப்ரன் கட்டிய பெண்கள் அவற்றைப் பெட்டி பெட்டியாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அது பங்கிலுள்ள வறிய குடும்பங்களுக்கு உணவு கொடுக்கிற குழு என்று எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். நடுவில், ஏப்ரனோடு, பிறாவ் வெஸ்லர் நின்றாள்.

பையை மேசையில் கவிழ்த்தேன். சப்பாத்து, தோடம்பழம், கச்சான், பாண், ஆயர், எல்லாம் உருண்டன. மன்னார்த் தமிழில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. என் பிள்ளைகளின் ஈரக் காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒரு பெண் துவாய் கொண்டுவந்து மகனின் காலைத் துடைக்கத் தொடங்கினார். எனக்கு இன்னும் குழப்பம். திட்டத் திட்ட ஏன் காலைத் துடைக்கிறார்கள்?

கோயில் செயலாளர் ஓடிப்போய் டெலிபோனைச் சுழற்றினார். நகரத்தில் தமிழ்ப் பூசைக்கு உதவி செய்கிற அருளப்பு அண்ணை என்பவரின் இலக்கம் அவரிடம் இருந்திருக்கிறது. றிசீவரை என் கையில் தந்தார்கள்.

"தங்கச்சி, என்ன பிரச்சினை? சப்பாத்து மூட்டையோட நிக்கிறீங்களாம்."

"அண்ணை, சாப்பாட்டைச் சப்பாத்துக்குள்ள போட்டிருக்கினம் அண்ணை! ஆயரைக் கூடத் தலைகீழா வச்சிருக்கினம்!"

 மறுபக்கத்தில் அவர் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஐயோ பிள்ளை, இண்டைக்கு ஆயர் புனித நிக்கோலாஸ் திருநாள். முதல்நாள் இரவு பிள்ளையள் சப்பாத்தை வாசல்ல வைக்குங்கள். அவர் வந்து இனிப்பும் பழமும் போட்டிட்டுப் போவார். இஞ்சத்தைய வழக்கம் அது. உங்களுக்கு மரியாதைதான் செய்திருக்கினம்."

மேசையில் கிடந்த ஆயரை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். அதற்குள் பிறாவ் வெஸ்லர் பக்கத்தில் வந்து றிசீவரை வாங்கிப் பேசினார். வழக்கமான அதே கத்தல் குரல்தான். பேசிவிட்டு என்னிடம் தந்தார்.

"தங்கச்சி, சாமானைச் சப்பாத்துக்குள்ள வச்சது தானாம் எண்டு அந்த அம்மா சொல்லுறா, இன்னொண்டும் கேக்கிறா. பெரிய கறுப்புச் சப்பாத்துக்காரர் எங்கயாம்? கனநாளா அந்தச் சப்பாத்து வச்ச இடத்தை விட்டு அசையேல்லையாம். காணுற நேரமெல்லாம் உங்களிட்டக் கேட்டவவாம். நீங்கள் மன்னிப்புக் கேட்டிட்டுக் கதவைச் சாத்திறீங்களாம்."

நான் அந்த இடத்திலேயே தரையில் இருந்துவிட்டேன். இத்தனை நாளும் சப்பாத்தை எடு என்று கத்துகிறார் என்று நினைத்தேனே. அவர் கேட்டது என் புருஷனை. இந்த ஊரில் எங்களைப் பற்றிக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

"அண்ணை," என்றேன், "இவர் ஆஸ்பத்திரியில. வீட்டில அரிசி இல்லை."

தமிழில்கூட அதை நான் அதுவரை யாருக்கும் சொன்னதில்லை. றிசீவரைப் பிறாவ் வெஸ்லரிடம் நீட்டினேன், அருளப்பு அண்ணை அதை ஜெர்மனில் திருப்பிச் சொன்னார். பிறாவ் வெஸ்லர் கேட்டுவிட்டு, றிசீவரை என்னிடம் திருப்பித் தந்து, ஒரு பெட்டியை எடுத்து நிரப்பத் தொடங்கினார். மகள் இன்னும் அந்தத் தோடம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சப்பாத்துக்குள்ள கிடந்ததைப் பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ அண்ணை?"

"தோடம்பழத்துக்குத் தோல் இருக்குத்தானே பிள்ளை. உரிச்சுக் குடுங்கோ."

உரித்துக் கொடுத்தேன். இரண்டும் சாறு வழிய வழியத் தின்றன. நான் அழுதேன், பிறகு சிரித்தேன், பிறகு திரும்பவும் அழுதேன்.

அதன்பின் ஒவ்வொரு கிழமையும் அந்தக் குழு எங்களுக்குச் சாமான் தந்தது. அரசாங்க உதவிக் காரியாலயத்துக்கு என்னைக் கூட்டிப்போய் அன்ட்ராக் எழுதித் தந்ததும் பிறாவ் வெஸ்லர்தான். அங்கேயும் அதே சத்தத்தில்தான் கதைத்தார். எங்களுடைய அலுவல் கெதியாக முடிந்தது. தை மாதம் இவர் பொல்லு ஊன்றியபடி மூன்று மாடி ஏறி வந்தார். பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் காவல் வேலை பார்க்கிறார்.

நானும் இப்போது அந்த மண்டபத்தில் பெட்டி அடுக்குகிறேன். சாமான் வாங்க வருகிற பெண்களில் யாராவது கடைசியில் தலைகுனிந்து நின்றால் எனக்குத் தெரிந்துவிடும். நானாகப் போய்க் கேட்பேன். பாஷை தெரியாவிட்டாலும் கேட்பேன், திரும்பத் திரும்பக் கேட்பேன். சிலர் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

என் குழப்பம் மட்டும் தீரவில்லை. நான் கேட்டது மடு மாதாவிடம். வந்தது ஆயர் நிக்கோலாஸின் பெயரில். கொண்டுவந்து வைத்தது நான் விரோதி என்று நினைத்த ஆள். வந்த உதவியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் திட்டியது நான். ஆனாலும் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். இதை யார் எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று எனக்குத் தெரியாது. நீங்களும் விளங்கும்வரை காத்திருக்காதேயுங்கள், சகோதரங்களே. விளங்காவிட்டாலும் கேளுங்கள். வருகிறது பிடிக்காத கையால் வந்தாலும் கதவைச் சாத்தாதேயுங்கள்.

பிறாவ் வெஸ்லர் இன்றைக்கும் படிக்கட்டில் சப்பாத்து வைக்கக்கூடாது என்று என்னோடு சண்டை பிடிக்கிறார். அந்த வாயை மூடச் சொல்லித்தான் நான் அத்தனை செபமாலை சொன்னேன். மூடியிருந்தால், எங்களுக்காகத் திறக்க அந்த ஊரில் வேறு வாய் இருந்திருக்காது. கேட்டதைத் தந்ததற்கும், கேட்டதைத் தராமல் விட்டதற்கும் ஆண்டவருக்கு நன்றி.