தானாகச் சென்ற வாழ்த்து

சென்ற ஆண்டு ஆவணி மாதம், முகூர்த்த நாள் ஒன்றின் காலை ஆறு மணி. ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையில் உள்ள எங்கள் வீட்டில் காபித் தம்ளரைக் கையில் எடுத்தபோது கைப்பேசி ஒலித்தது. தொட்டியத்தைச் சேர்ந்த ஒரு விவசாயிக்கு என் வாழ்த்துமடல் சென்று சேர்ந்துவிட்டது என்னும் அறிவிப்பு அது. ‘இன்று மணமேடை ஏறும் தங்கள் அருமை மகளுக்கு’ என்று அம்மடல் தொடங்கும். அந்த மகள் இறந்து அன்றோடு ஒன்பது நாள்கள் ஆகியிருந்தன.

நடந்ததை முறையாகச் சொல்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் முப்பதாண்டுகளுக்கு மேல் லேத் ஓட்டினேன். எழுதும் தமிழை நூலகத்தில் அமர்ந்து நானே கற்றுக்கொண்டேன். ஓய்வுக்குப் பின், மருமகளின் உதவியோடு இணையத்தின் வழியே மடல்கள் எழுதித் தரும் சிறு தொழிலைத் தொடங்கினேன். திருமணம், புதுமனை புகுவிழா, அறுபதாம் கல்யாணம், கண்ணீர் அஞ்சலி என எதுவாயினும் வாட்ஸ்அப்பில் விவரம் வந்த அரை மணி நேரத்தில் எழுதி அனுப்புவேன். அவ்விரைவில் எனக்கு மிகுந்த பெருமை இருந்தது. பட்டறையில் ஒரே அளவில் நூறு உருப்படி கடைந்து தள்ளிய கை இது. அப்பழக்கத்தில் வரிகளையும் வகைவகையாகக் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்தேன். பெயரை மாற்றினால் மடல் தயார். மணநாள் காலையில் வாழ்த்து தானாகவே செல்லும்படி ஒரு செயலியில் ஏற்பாடும் செய்திருந்தேன்.

அவ்விவசாயி முதன்முதலில் அழைத்தது மகளின் திருமணத்துக்காகத்தான். “வாசல்ல கட்டுற வாழை கூட நம்ம தோட்டத்துலயே தாரோட நிக்குதுங்க. வாழ்த்து ஒண்ணுதான் வெளியில வாங்குறோம்” என்று சொல்லிச் சிரித்தார். எழுதி, மணநாள் காலைக்குக் குறித்து வைத்தேன்.

சில நாள்கள் கழித்து மறுபடியும் அழைத்தார். குரலை வைத்து ஆளை அறிய முடியவில்லை. மூன்று நாள் காய்ச்சலில் மகள் போய்விட்டாளாம். “ஐயா, இப்ப அஞ்சலி எழுதணும்ங்க” என்றார். பெயரையும் வயதையும் மட்டுமே கேட்டுக்கொண்டேன். துயரத்தில் இருப்பவரை மேலும் கேள்வி கேட்டு வருத்தலாகாது என்று என்னை நானே நம்பவைத்தேன். உண்மையில் அதற்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை. இருபது நிமிடத்தில் அஞ்சலி போய்ச் சேர்ந்தது. முன்பே குறித்து வைத்த வாழ்த்தை நீக்க வேண்டும் என்பது நினைவுக்கு வரவேயில்லை.

முகூர்த்த நாளன்று நான் அதனை அழிக்க முயல்வதற்குள், படித்துவிட்டார்கள் என்று காட்டும் இரண்டு குறிகளும் நீலமாகிவிட்டன. தொலைபேசியில் மன்னிப்புக் கேட்க மனம் ஒப்பவில்லை. சத்திரம் பேருந்து நிலையம் சென்று பஸ் ஏறினேன். என்ன சொல்வது என்று முசிறி வரையில் வாக்கியங்களை அமைத்துக்கொண்டே போனேன். அதன்பின் அதுவும் ஓடவில்லை.

வாசலிலேயே பெண்ணின் தாய்மாமன் மறித்தார்.

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்தீங்க?”

“அது தானாகவே போயிடுச்சுங்க” என்றேன்.

“தானாப் போறதுக்கு அது என்ன வாய்க்கா தண்ணியா? அதுக்கும் மடையத் தொறந்துவிட ஒரு ஆளு வேணுமில்ல?”

தந்தை வந்து, “விடு மச்சான், பெரியவரு” என்று அவரை விலக்கி, ஒரு நாற்காலியைக் காட்டினார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை. உள்ளிருந்து தாய் வந்தார். ஒரு கையில் அச்சடித்த அஞ்சலித்தாள், மறு கையில் கைப்பேசி. இரண்டையும் என் முன் வைத்தார்.

“ரெண்டுலயும் ஒரே வரி இருக்கு. படிச்சுப் பாருங்க.”

‘இவள் சிரிப்பொலியால் இல்லமே நிறைந்தது.’ வாழ்த்திலும் அது இருந்தது, அஞ்சலியிலும் இருந்தது. எத்தனையோ வீடுகளுக்கு நான் அனுப்பிய வரி அது.

“எம்பொண்ணு சத்தம் போட்டுச் சிரிக்கவே மாட்டாய்யா. பல்லு எடுப்பா இருக்குன்னு கையால வாய மூடிக்குவா. அஞ்சலியப் படிச்சப்பவே, இது எம்பொண்ணு இல்லையேன்னு தோணுச்சு. ஊரே அதப் படிச்சு அழுதுச்சு, நான் ஒண்ணும் சொல்லல. இன்னிக்கு இது வந்தப்புறந்தான் தெரிஞ்சுது, நீங்க அவளப் பத்தி எழுதவே இல்லன்னு.”

வாழ்த்து வந்ததற்காக அவர் என்னைக் கடியவில்லை. அதற்கென்று நான் அமைத்து வந்த வாக்கியங்கள் யாவும் வீணாயின. “தப்பு என்னுதுதாம்மா” என்றேன். பிறகு, “உங்க பொண்ணப் பத்திச் சொல்றீங்களா?” என்று கேட்டேன். முதல் அழைப்பிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அவர் கொல்லைப்புறத்தைக் காட்டினார். வேலியோரம் தாரோடு இரண்டு வாழைகள் நின்றன. இரண்டிலும் மஞ்சள் ரிப்பன் கட்டியிருந்தது.

“வேற யாரும் வெட்டிடக் கூடாதுன்னு அவதான் கட்டி வச்சா. தன் கல்யாணத்துக்குத் தானே காவல் காத்தவ. பழுத்து அணில் திங்குது. வெட்டறதுக்கு இவருக்குக் கை வரமாட்டேங்குது.”

அதன்பின் அவர் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தாய்மாமனும் வந்து தூணருகில் நின்று கேட்டார்.

வீடு திரும்பி நான்கு நாள்கள் எழுதினேன். ஒரே ஒரு பக்கம். வாயை மூடும் கை அதில் இருந்தது, மஞ்சள் ரிப்பனும் இருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பாக அனுப்பினேன். குறிகள் நீலமாயின. பதில் வரவில்லை, இன்றுவரை இல்லை. அதனை வைத்திருக்கிறார்களா, அழித்துவிட்டார்களா என்று கேட்கும் உரிமை எனக்கில்லை.

செயலியையும் சேமித்த வரிகளையும் தொட்டியத்திலிருந்து திரும்பிய அன்றே நீக்கிவிட்டேன். இப்பொழுது யாருக்கு எழுதுவதானாலும், அவரைப் பற்றி அரை மணி நேரமாவது கேட்டறிந்த பிறகே தொடங்குகிறேன். “அதெல்லாம் எதுக்கு சார்? நாலு வரி சீக்கிரம் அனுப்புங்க” என்று பலர் வேறிடம் போய்விடுகிறார்கள். தொழில் பாதியாகச் சுருங்கிவிட்டது. எழுதி முடித்த ஒவ்வொரு மடலையும், இதற்குரியவரின் தாய் படித்தால் ‘இது எம்பொண்ணு இல்லையே’ என்பாரோ என்று எண்ணிப் பார்க்கிறேன். அனுப்பும் பொத்தானுக்கு மேல் என் விரல் இன்றும் பல தடவை அப்படியே நின்றுவிடுகிறது.