புது மருந்துக்கு ஆள் சேர்க்கிற வேலை

ஒரு மருந்து நிச்சயமாக வேலை செய்யுமா என்று இன்னும் யாருக்கும் தெரியாது என்பதை, அதைப் பூசிக்கொள்ளப் போகிறவரிடமே சொல்லி, அவருடைய சம்மதத்தையும் கேட்பதுதான் என் தொழில்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். ஆஸ்பத்திரியே பொறுப்பெடுத்து ஓர் ஆய்வைத் தொடங்கியபோது, “உனக்குத்தான் பொறுமையா பேச வரும்” என்று டாக்டரம்மா என்னை அதில் போட்டுவிட்டார். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் ஆறாமல் நிற்கிற புண்ணுக்கு ஒரு புதுக் களிம்பு. சேர்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது, மீதிப் பேருக்கு வழக்கமான களிம்பு. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். ட்யூப் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். பூசுகிறவருக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தால் நம் ஆசை கண்ணை மறைத்து, ஆறாத புண்ணும் ஆறியது போலத் தோன்றிவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

படிக்க எளிதாகத்தான் இருக்கிறது, இல்லையா? காலையே எடுத்துவிடுவார்களோ என்று நடுங்கிக்கொண்டு வந்திருப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். இன்சூரன்ஸ் பிடிப்பவரோ, கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போகும் டீச்சரோ, பயந்த மனிதருக்கு எதிரே பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்த யாராக இருந்தாலும் நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

பெயரிலேயே வம்பு

ஆரம்பத்தில் என் அறை வாசலில் ‘மருத்துவச் சோதனைப் பிரிவு’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். சின்னசேலத்தில் மக்காச்சோள வியாபாரம் செய்யும் ஒருவரை அவர் மனைவி கூட்டிக்கொண்டு வந்தார். போன வருஷமே அவருக்கு ஒரு கால்விரலை எடுத்திருந்தார்கள். இப்போது அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு புண். கணவர் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா வாசலைத் தாண்டவில்லை. பலகையையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இஷ்டம் இருந்தால் சேரலாம், இல்லாவிட்டால் எப்போதும் போல வைத்தியம் நடக்கும் என்று நான் எழுந்து போய்ச் சொன்னேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை. கணவரின் தோளைப் பிடித்து எழுப்பினார். அந்த வாரமே பலகையைக் கழற்றி ‘ஆய்வுப் பிரிவு’ என்று மாற்றினோம். அந்த அம்மா போகும்போது சொன்னது இதுதான்: “எங்களுக்கு இருக்கிற சோதன பத்தாதுன்னா, இன்னொண்ண இங்க வந்து எழுதி வாங்கிக்கினு போவணும்?”

சம்பந்தமில்லாத ஆள்

வெள்ளையன் கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சிற்றூரில் சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறவர். செருப்பில்லாத காலில் கட்டை குத்தி, அது மாதக்கணக்கில் ஆறாமல், சர்க்கரை இருப்பதே அதற்குப் பிறகுதான் தெரிந்தது. மகள் செல்வியுடன் வந்திருந்தார். நான் சொன்ன எல்லாவற்றையும் தலையாட்டாமல் கேட்டார். படிக்கத் தெரியாதவர் என்பதால் மைப்பெட்டியை நகர்த்தினேன். அவ்வளவுதான், கையை இழுத்துத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். “எங்கப்பன் ஒரு தடவ கட்டவெரல வெச்சாரு. அதுக்கப்புறம் எங்க நெலத்துலயே நாங்க கூலிக்குப் போனோம்” என்றார்.

இந்த மாதிரி நேரத்துக்கு ஒரு விதி உண்டு. படிக்கத் தெரியாதவருக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டும்போது, ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் கூடவே இருந்து கேட்டுச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதைச் சொன்னேன். “ஆள நான் கூட்டியாரலாமா?” என்றார். வார்டில் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, காலை இழுத்துக்கொண்டு வெளியே போனவர், பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடை வைத்திருப்பவரோடு திரும்பி வந்தார். கடைக்காரர் மாஸ்டரை அடுப்பில் நிறுத்திவிட்டு வந்து, முழுவதும் உட்கார்ந்து கேட்டார். நடுவில் இரண்டு இடத்தில் என்னைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வெள்ளையன் விரலை வைத்தார். கடைக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “இந்த ஆஸ்பத்திரிக்கு நீ டீ குடுக்கிறியான்னு மொதல்ல கேட்டாரும்மா. இல்லன்னு சொன்னதுக்கப்புறம்தான் என்னைக் கூட்டிக்கினு வந்தாரு.”

பாதிப் பாதி

நைனார்பாளையத்திலிருந்து இரண்டு பேர் சேர்ந்தார்கள். கோவிந்தனும் மாணிக்கமும் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே கிணற்றுப் பாசனம். ஒன்றாகவே பஸ்ஸில் வந்து ஒன்றாகவே போவார்கள். ஒருமுறை, எவ்வளவு பூசியிருக்கிறார்கள் என்று அறிய ட்யூபை எடை பார்க்கையில் இருவருடையதும் தராசில் வித்தை காட்டியது. ஒன்றில் கொடுத்ததைவிட அதிகமாக இருந்தது. களிம்பு எப்படி வளரும்?

விசாரித்ததில் கோவிந்தனின் மனைவி சொல்லிவிட்டார். இரண்டு ட்யூபையும் ஒரு கிண்ணத்தில் பிதுக்கிக் குழைத்து ஆளுக்குப் பாதியாகப் பூசிக்கொண்டு, மிச்சத்தைக் கூடக் குறையத் திரும்ப ட்யூபில் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒருவருடையதில் விஷம் இருந்தால் என்ன செய்வது என்ற பயம் இருவருக்கும். ஆனால் அந்தப் பயம் தனக்காக இல்லை, அடுத்தவருக்காக. மனசே இல்லாமல்தான் அவர்களுக்குக் களிம்பை நிறுத்தி, பழையபடி கட்டு மாற்ற அனுப்பினேன். கலந்து பூசினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாதே என்று விளக்கினேன். மாணிக்கம் சொன்னார்: “கெடுதல்னா ரெண்டு பேருக்கும் ஆவட்டும்னுதான் கலந்தோம். ஒருத்தன் மட்டும் தப்பிச்சி, இன்னொருத்தன் வூட்டுக்காரங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

மலைக்குப் போன குரல்

குறித்த நாளில் வெள்ளையன் வரவில்லை. செல்வியின் போன் எடுக்கவில்லை. டாக்டரம்மா ஜீப்பைக் கொடுத்து அனுப்பினார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் வரைக்கும் டிரைவர் பேசிக்கொண்டு வந்தார். ஊரை நெருங்கினதும் வண்டியை மெதுவாக்கினார். எங்களைக் கண்டதும் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். வழியில் நின்ற ஒருவர், என்ன ஏது என்று கேட்காமல், செல்போனில் ஓர் ஆடியோவைப் போட்டு என் காதருகே நீட்டினார். புது மருந்து என்று கூப்பிட்டு மயக்க ஊசி போடுகிறார்களாம், வயிற்றைக் கிழித்து எதையோ எடுத்துக்கொள்கிறார்களாம். யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே பேசியிருந்தாள். அந்த அழுகை அவ்வளவு நிஜமாக இருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் நம்பத் தோன்றியது. டிரைவர் என்ஜினை அணைக்கவே இல்லை.

வெள்ளையன் சாமைக் கொல்லையில் ஒரு பாறைமேல் இருப்பதாகச் செல்வி வந்து சொன்னாள். டிரைவரை அங்கேயே விட்டுவிட்டு ஏறினேன். பின்னால் நாலைந்து பேர் நடந்து வருவது கேட்டது, திரும்பிப் பார்க்கவில்லை. அவர் எதிரில் நின்று, “நீங்க விலகிக்கலாங்க. காரணம்கூடச் சொல்ல வேணாம். ஆனா புண்ண மட்டும் பாக்காம வுட்டுடாதீங்க” என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த மருந்துப் பையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “உங்களுக்கும் பயமாத்தான் இருக்குது, கை நடுங்குது. எங்கள ஏமாத்த வந்தவங்க யாரும் இந்த மாதிரி நடுங்கி நான் பாத்ததில்ல. வரேன், போங்க.”

செல்வியின் போன்

சொன்னபடி வெள்ளையன் வந்து அடுத்த ட்யூபை வாங்கிப் போனார். அடுத்த வாரம் ஒரு காலை வேளையில் போன் வந்தது. சிக்னல் விட்டு விட்டு வந்தது. “சிஸ்டர், அப்பாவுக்கு ஒதடு வீங்கிக்கினே போவுது. ஒடம்பெல்லாம் தடிப்பு. மூச்சு வுட முடியல.” வெள்ளிமலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன். ஆய்வில் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்திருக்கும் அட்டையையும் ட்யூபையும் கையோடு எடுத்துப் போகச் சொன்னேன். பாதியில் துண்டித்துவிட்டது. நான் சொன்னதில் எது அவள் காதில் விழுந்தது, எது விழவில்லை என்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அட்டையைப் பார்த்து அங்கேயே ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் இங்கே அனுப்பினார்கள். அது வரும்வரை நான் அவசரப் பிரிவு வாசலை விட்டு நகரவில்லை. மலையேறிப் போய்ப் பேசிக் கூட்டி வந்தது நான். அவருக்கு ஏதாவது ஆனால், அந்தப் பெண் ஆடியோவில் அழுதது பொய்யென்று அந்த ஊரில் யார் நம்புவார்கள்? இறக்கியபோது அவருக்குக் கண் திறக்க முடியாத வீக்கம். தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம். செல்வி என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்கு மேல் மூச்சு சீரானது. இப்படி ஓர் ஆபத்து வந்தால் யாருக்கு எந்தக் களிம்பு என்ற ரகசியத்தைத் திறந்து பார்க்க அனுமதி உண்டு. டாக்டரம்மா திறந்தார். வெள்ளையனுக்குப் போயிருந்தது புது மருந்தில்லை, வழக்கமான களிம்பு. வருஷக்கணக்காக நாங்களே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்தது. அதில் உள்ள ஒரு சரக்கு சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். எனக்கு நிம்மதி வரவில்லை, பயம் இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. நோயாளிகள் பக்கம் நின்று ஆய்வைக் கண்காணிக்க ஒரு குழு உண்டு. அன்றைக்கே அதற்கு எழுதினோம். அதன் பிறகு சேர்கிற ஒவ்வொருவரிடமும் ஒவ்வாமை பற்றித் தோண்டித் துருவிக் கேட்கச் சொன்னார்கள். வெள்ளையனை ஆய்விலிருந்து விடுவித்து, வைத்தியத்தை ஆஸ்பத்திரியே பார்த்தது. கால் தப்பியது, சுண்டுவிரல் மட்டும் போயிற்று. ஊருக்குக் கிளம்பும்போது சொன்னார்: “புதுசு கடிக்கும்னு புதுசையே பாத்துக்கினு இருந்தோம். பழசு கடிச்சிட்டுது. இனிமே எதப் பாத்துக்கினு ஒக்கார்றது சிஸ்டர்?”

மேசைக்கு அந்தப் பக்கம்

திருக்கோவிலூரில் இருக்கும் என் அம்மாவுக்கு மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, அது திரும்பி வராமல் தடுக்க ஒரு மாத்திரை பற்றி வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆய்வு நடப்பதாகச் சொன்னார்கள். எதிரே என் தங்கை வயதில் ஒரு பெண், பேப்பரும் பேனாவுமாக. நான் சொல்கிற அதே வாக்கியங்கள், அதே குலுக்கல், ‘யாருக்கும் தெரியாது’ என்ற அதே சொல். பக்க விளைவுகளை அவள் வாசித்தபோது எனக்குக் காது அடைத்துவிட்டது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நல்லதென்றோ வேண்டாமென்றோ சொல்லாமல் நான் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். “வேணாம்மா” என்று அந்தப் பெண்ணிடம் அம்மாவே சொன்னாள்.

அடுத்த முறை போனபோது அதே டாக்டர் அதே பொறுமையோடு பார்த்தார். அதே நர்ஸ் கையைப் பிடித்துக் கட்டிலில் ஏற்றினாள். வெளியே வந்ததும் அம்மா, “அந்தப் பொண்ணக் கூப்புடு” என்றாள். ஆள் சேர்ப்பு முடிய இன்னும் நாள் இருந்ததால் சேர முடிந்தது. இப்போதும் ஏதோ ஒரு மாத்திரை சாப்பிட்டு வருகிறாள். அது புதுசா பழசா தெரியாது. அவள் லேசாக இருமினாலும் பக்க விளைவுப் பட்டியலை எடுத்துப் பார்க்கிறேன். ஏன் மனசு மாறினாய் என்று கேட்டதற்கு அம்மா சொன்னாள்: “வேணாம்னு சொன்னா இவங்க மூஞ்சி மாறுதான்னு பாக்கணும்னு இருந்திச்சி. மாறல. அதான் சரின்னேன்.”

இப்போதெல்லாம் நான் யாரிடமும் ‘பயப்படாதீங்க’ என்று சொல்வதில்லை, எதையுமே கேட்காமல் கையெழுத்துப் போட வருகிறவரைக் கண்டால் நானே பயந்துகொள்வதோடு சரி.