ரூத் கேட்ட இளகிய பனி

செவ்வாய்க்கிழமை காலை லில்லெஸ்ட்ரோமிலிருந்து மகள் நிலானி தொலைபேசியில் அழைத்தாள். “அப்பா, ரூத் மோசம் போயிட்டாவாம்.” இறந்த செய்தியை மட்டும் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தாள். சறுக்கு மண்டபத்தின் பனித்தளத்தைச் சமப்படுத்தும் இயந்திரத்தில் நான் அப்போதுதான் ஏறியிருந்தேன். பிள்ளைகள் ஓரத்தில் காத்திருந்தார்கள். வேலையை முடித்துவிட்டுத்தான் இறங்கினேன்.

இங்குள்ள நம் தமிழர்களில் ரூத்தை அறிந்தவர்கள் சிலரே. தந்தை காம்பியாவிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி, தாய் இங்கேயே பிறந்த நோர்வேஜியர். நான் அறிந்தவரை, இந்நாட்டின் பனித்தளச் சறுக்குநடனப் போட்டிகளில் இறங்கிய முதல் கறுப்பினப் பெண் அவர்தான். மற்றப் பெண்கள் அந்தரத்தில் இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொண்ட காலத்தில் அவர் மூன்று சுற்றுச் சுழன்று இறங்கினார். “நடுவர்கள் எனக்கு ‘வலிமை’ என்று எழுதினார்கள். மற்றவர்களுக்கு ‘அழகு’ என்று எழுதினார்கள். வென்றது எப்போதும் அழகுதான்” என்று ஒருமுறை சொன்னார். வெளிநாட்டுப் போட்டி எதற்கும் அவரை அனுப்பவில்லை. அவர் குறைப்பட்டுக்கொண்டதில்லை. அந்த மனக்குறை என்னுடையது. அதை இன்றும் விடுவதாக இல்லை.

பிற்பாடு அவர் எங்கள் மண்டபத்துச் சறுக்குக் கழகத்தில் பயிற்சியாளரானார். பொறியியல் படித்துவிட்டு இயந்திரம் ஓட்டிய என்னிடம், குளிரூட்டி எப்படி வேலை செய்கிறது என்று கேட்ட ஒரே பயிற்சியாளர் அவர். சிறுமியாக இருந்த நிலானியை அவரிடம் விட்டேன். மற்றவர்கள் கையை அழகாக நீட்டுவதிலிருந்து தொடங்குவார்கள். அவர் விழுவதிலிருந்து தொடங்கினார். “விழப் பயந்தவள் உயரத் தாவமாட்டாள்” என்பார். என்னிடம் கற்ற ஒரே தமிழ்ச் சொல்லால் மண்டபம் அதிரக் கத்துவார்: “எழும்பு!”

ட்வெய்ட்டாப் பகுதியிலிருந்து பிள்ளையைக் கூட்டி வரும் தமிழ்த் தாய் ஒருத்தி, “பொம்பிளைப் பிள்ளை, காலை முறிச்சால் ஆர் கட்டுவான்?” என்று நக்கலடித்தார். மொழிபெயர்த்துச் சொன்னேன். “இந்தக் காலுக்குத் தாவத் தெரியும். கட்டுகிறவனுக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள்” என்றார் ரூத்.

ஒரு பனிக்காலம், கழகம் அவருக்குக் கெடு வைத்தது. தகுதிப் போட்டியில் அவருடைய மாணவி ஒருத்தியாவது தேற வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை. நம்பிக்கை முழுவதும் நிலானியின் மேல் இருந்தது. போட்டிக்கு முதல் நாள் ரூத் என்னிடம் வந்தார். தாவுவதற்குப் பனி சற்று இளகியிருக்க வேண்டும். இறுகிய பனி காலூன்றும் இடத்தில் உடைந்து சிதறும்.

“நாளைக்கு இளக்கி வைப்பீர்களா, சிவா?”

ஆம் என்றேன்.

மாலையில் மண்டப மேலாளர் வந்தார். போட்டி முடிந்ததும் ஐஸ் ஹாக்கி ஆட்டமாம். பனி இறுகியே இருக்க வேண்டுமாம். என்னுடையது தற்காலிக வேலை. குளிரைக் குறைக்கவில்லை. அதை ரூத்திடம் சொல்லவுமில்லை. முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொல்ல நம்மவர்களுக்கு வராது. தலையாட்டிவிட்டு ஒளிந்துகொள்வோம்.

போட்டியன்று காலைப் பயிற்சியில் ரூத் குனிந்து பனித்தூளை விரலால் தேய்த்துப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போட்டியில் நிலானி இரண்டு முறை விழுந்தாள்; தேறவில்லை. வசந்தம் வருமுன் ரூத்தை அனுப்பிவிட்டார்கள். ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு நோய் வந்தது. மேலாளர் ஓய்வுபெற்றபோது பூச்செண்டு கொடுத்தார்கள். நானும் கைதட்டினேன்.

இறுதிச் சடங்குக்குப் போகும் வழியில், காரில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“தெரியும் அப்பா. அண்டைக்கே, போட்டிக்கு முதலே ரூத் சொன்னவ.”

“என்னெண்டு?”

“ஐஸ் கல்லு மாதிரிக் கிடக்குதெண்டு. ‘நடுவரிட்டைச் சொன்னால் போட்டியை நிப்பாட்டுவினம், ஆனா உன்ரை அப்பாவின்ரை வேலை போயிடும். இந்த ஐஸிலை தாவுவியோ?’ எண்டு கேட்டவ. நான் ஓம் எண்டனான்.”

தேவாலயத்தில் கழகத் தலைவர் ரூத்தை ‘அழகின் வடிவம்’ என்று புகழ்ந்தார். உயிரோடு இருந்தபோது கொடுக்காததைப் பிணத்துக்குக் கொடுத்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். வெளியே, பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோது நிலானி விளிம்புவரை போய் நின்றாள். நான் கல்லறைத் தோட்டத்து வேலியைத் தாண்டவில்லை.

போய் வாருங்கள், ரூத். உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பீர்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.